கயானா காட்டு கார்பன் கிரெடிட் வாங்கலாமா? ஓனர் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியலைங்க

பின்னலாடை | திருப்பூர் | 9 ஜனவரி 2026, இரவு 10:12

வணக்கம்ங்க. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். காடு, கார்பன் எல்லாம் என் வேலையே கிடையாது. ஆனா தலையில வந்து விழுந்துருச்சு.

ஐரோப்பா பையர் ஒருத்தர் அடுத்த சீசன் டி-ஷர்ட்டுக்கு டேக்ல 'கார்பன் நியூட்ரல்'னு, அதாவது புகைக் கணக்கு பூஜ்யம்னு அடிக்கணும்ங்கிறார். நூல்ல ஆரம்பிச்சு நிட்டிங், டையிங், காஜா பட்டன் வரைக்கும் எவ்வளவு கரண்ட், பாய்லருக்கு எவ்வளவு விறகு, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல்னு பீஸ் வாரியா கணக்குக் கேட்டாங்க, கொடுத்தாச்சு. எங்களுக்குக் காத்தாலை பங்கு இருக்கறதால கரண்ட் கணக்கு கொஞ்சம் நல்லாவே வந்துச்சு. மிச்சம் நிக்கிற டன்னுக்கு கிரெடிட் வாங்கி நேர் பண்ணிடுங்கன்னு மெயில் வந்திருக்கு.

புரோக்கர் ஒருத்தர் எக்செல் ஷீட் அனுப்பியிருக்கார். தென் அமெரிக்காவுல இருக்கற கயானா காடு ஒரு ரேட்டு, கம்போடியா காடு ஒரு ரேட்டு, பிரேசில் காடு ஒரு ரேட்டு. நூல் கவுண்ட் வாரியா ரேட் போட்ட மாதிரியே இருக்குது. ஓனர் பார்த்துட்டு "எது கம்மியோ அதைப் போடுப்பா"ன்னுட்டார்.

எனக்குக் கேள்வி வேறங்க. நான் காசு கொடுத்தா அந்தக் காடு என் புகையை எப்படி உறிஞ்சும்? கொடுக்கலைன்னா உறிஞ்சாதா? இந்தக் காசு கடைசியில யார் கைக்குப் போகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க, திங்கக்கிழமை நான் பதில் சொல்லணும்.

---

பசுமைக்கணக்கு | பெங்களூரு | 9 ஜனவரி 2026, இரவு 11:35

இந்தத் துறையில்தான் பன்னிரண்டு வருடமாகத் தணிக்கை பார்க்கிறேன். சொல்கிறேன்.

ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கரியமில வாயு. ஆனால் உங்கள் ஷீட்டில் இருக்கும் காட்டு கிரெடிட்டுகள் 'உறிஞ்சிய' டன் அல்ல, 'வெளியே போகாமல் நின்ற' டன். காடு வெட்டப்பட்டிருந்தால் இவ்வளவு கார்பன் காற்றில் கலந்திருக்கும், வெட்டாமல் நிறுத்தினோம், அந்த வித்தியாசத்தை விற்கிறோம் என்பதுதான் ஏற்பாடு. 2005இல் மாண்ட்ரியலில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பப்புவா நியூ கினியும் கோஸ்டா ரிகாவும் இதைக் கேட்டு மனு வைத்தன. காட்டை வெட்டினால் மரக்காசு, செம்பனைக் காசு கிடைக்கிறது, வெட்டாமல் வைத்திருந்தால் எங்களுக்கு யார் தருவார் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதிலிருந்து பிறந்ததே 'ரெட் பிளஸ்'.

சிக்கல் 'வெட்டப்பட்டிருந்தால்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. நடக்காத ஒன்றை யாரும் அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்கு பேஸ்லைன் என்று பெயர். பேஸ்லைனைத் தூக்கிப் போட்டால் கிரெடிட் கொட்டும். அடக்கமாகப் போட்டால் சொற்பம்.

ஷீட்டில் உள்ள கம்போடியா கிரெடிட்டைக் கவனமாகப் பார்த்து வாங்குங்கள். தெற்கு கார்டமம் மலைத் திட்டத்தில் சோங் பழங்குடி மக்களை வெளியேற்றியதாகவும் கைது செய்ததாகவும் புகார் கிளம்பி, 2023 ஜூனில் வெர்ரா (கிரெடிட்டுக்குச் சான்று தரும் அமைப்பு) கிரெடிட் வழங்குவதை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு விரிவான அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வெர்ரா மீண்டும் திறந்துவிட்டது. சுவரில் ஈரம் காய்வதற்குள் வெள்ளையடித்த மாதிரி என்று என் சக ஊழியர் சொல்வார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன்.

கயானா ரகம் வேறு. அது ஒரு தனித் திட்டம் அல்ல, நாடு முழுவதையும் ஒரே கணக்கில் வைப்பது. பக்கத்துக் காட்டில் வெட்டிவிட்டு இந்தக் காட்டைக் காட்டி விற்கும் வேலை அதில் நடக்காது. ஷீட்டில் இருப்பதில் எனக்கு அதுதான் தேவலாம்.

---

செம்பருத்தி | மதுரை | 10 ஜனவரி 2026, காலை 6:50

பசுமைக்கணக்கு சார் பேஸ்லைனை மென்மையாகச் சொல்லி நகர்ந்துவிட்டார். 2023 ஜனவரியில் கார்டியன், டீ ட்சைட் பத்திரிகைகள் கூட்டாகப் புலனாய்வு செய்து, வெர்ரா அங்கீகரித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் காகிதம் என்று எழுதின. வெர்ரா மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேல்ஸ் வெஸ்ட் என்ற ஆய்வாளர் குழுவின் ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது. ஆறு நாடுகளில் 26 திட்டங்கள். திட்டக்காரர்கள் தாங்களே எழுதிக்கொண்ட ஊகத்தை ஒதுக்கிவிட்டு, அதே மாதிரியான, திட்டம் இல்லாத காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான திட்டங்களில் காடழிப்பு குறைந்ததாகவே தெரியவில்லை. குறைந்த இடங்களிலும் சொன்ன அளவுக்கு இல்லை.

திருப்பூர் நண்பருக்கு எளிதாகச் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் ஆளுக்கு ஒரு புளியந்தோப்பு. அண்ணன் வருடம் பத்து மரம் வெட்டி விற்கிறான். தம்பி தாத்தா வைத்தது என்று ஒரு மரத்தையும் தொடவில்லை. ஊரில் ஒருவர் வந்து, "வெட்டுவதை நிறுத்து, மரத்துக்கு இவ்வளவு தருகிறேன்" என்கிறார். காசு யாருக்கு? அண்ணனுக்கு. தம்பிக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அவன் வெட்டப்போவதாக யாரும் நம்பவில்லை. அடுத்த வருடம் தம்பியும் கையில் கோடரியோடு நின்று படம் பிடித்துக் காட்டினால்தான் உண்டு.

கயானா அந்தத் தம்பி. காடழிப்பு வருடத்துக்கு 0.1 சதவீதத்துக்கும் கீழே. அப்படியிருக்க எதைத் தடுத்ததாக விற்கிறார்கள்?

---

பசுமைக்கணக்கு | 10 ஜனவரி 2026, காலை 9:05

தம்பிக்கும் கொடுக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். 'காடு அதிகம், அழிப்பு குறைவு' என்று ஒரு வகுப்பு. ஆர்ட் என்ற அமைப்பின் ட்ரீஸ் தரநிலையில் அதற்குத் தனிக் கணக்கு முறை இருக்கிறது. 2016 முதல் 2020 வரைக்கான 3.347 கோடி கிரெடிட்டை 2022 டிசம்பரில் கயானாவுக்குக் கொடுத்தார்கள். ஒரு நாட்டுக்கே இப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தம்பிக்குக் கொடுக்காதே என்கிறீர்களா, அண்ணனுக்கு மட்டும் கொடு என்கிறீர்களா? ஒன்றைச் சொல்லுங்கள்.

---

செம்பருத்தி | 10 ஜனவரி 2026, காலை 9:20

தம்பிக்குக் கொடுங்கள், தாராளமாக. ஆனால் அந்த ரசீதைக் காட்டி இன்னொருவன் புகை விடலாம் என்று சொல்லாதீர்கள். உதவித்தொகை வேறு, பாவமன்னிப்புச் சீட்டு வேறு.

---

மெராந்தி | கோத்தா கினபாலு, சபா, மலேசியா | 10 ஜனவரி 2026, பிற்பகல் 1:44

மரத்துல கார்பன் எப்படி எண்றாங்கன்னு யாரும் சொல்லல. நான் ஈப்போக்காரன், படிக்கிறப்ப இங்க சபாவுல டானும் பள்ளத்தாக்குக் காட்டுல ரெண்டு வருஷம் மரம் அளந்தேன். அதனால சொல்றேன்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்துல, அதாவது நம்ம நெஞ்சுக்கு நேரா, மரத்தைச் சுத்தி நாடா போடணும். சொல்லும்போது சுலபம். எங்க போர்னியோ தீவு மரத்துக்கு அடியில பலகை மாதிரி வேர் விரிஞ்சு நிக்கும், சிலதுல ரெண்டு ஆள் உயரம். அப்ப ஏணி வெச்சு அந்தப் பலகை வேர் முடியற இடத்துக்கு மேல போய் அளக்கணும். கீழ ஒருத்தன் ஏணியைப் பிடிச்சிருப்பான், அவன் காலுறைக்குள்ள அட்டை ஏறிக்கிட்டிருக்கும். மழை வந்தா பட்டை வழுக்கும், நாடா சாஞ்சிடும். 80 சென்டிமீட்டர் விட்டம் உள்ள மரத்துல விட்டம் நாலு சென்டிமீட்டர் கூடுதலா பதிஞ்சா, கணக்குல அந்த மரத்தோட கார்பன் பத்து சதவீதம் ஏறிடும், ஏன்னா விட்டம் வர்க்கமா போகுது. அளந்த மரத்துல அலுமினிய வில்லையில நம்பர் அடிச்சு ஆணி வெப்போம். அடுத்த தடவை வர்றப்ப கரடி கடிச்சுப் போட்டிருக்கும்.

அப்புறம் சூத்திரம். விட்டம், உயரம், அந்த இனத்தோட கட்டை எவ்வளவு கனம், இதை வெச்சு காய்ஞ்ச எடை. அதுல ஏறக்குறைய 47 சதவீதம் கார்பன். அதை 3.67ஆல பெருக்கினா கரியமில வாயு. காய்ஞ்ச எடை 5 டன் இருக்கற ஒரு மரம்னா 8.6 டன். இப்படிக் கொஞ்சம் இடத்துல அளந்துட்டு, மீதிக் காட்டுக்கு செயற்கைக்கோள் படத்தை வெச்சு விரிப்பாங்க.

இதுல எனக்குக் குறையே இல்ல. அளக்கறவன் நேர்மையா அளந்தா காட்டுல எவ்வளவு கார்பன் *இருக்கு*ன்னு ஓரளவு சரியா சொல்லலாம். எவ்வளவு *போயிருக்கும்*னுதான் எந்த நாடாவாலயும் அளக்க முடியாது. ரெண்டையும் ஒரே வேகத்துல சொல்லி விக்கறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கசக்குது.

(டானும்லதான் மெனாராங்கிற மஞ்சள் மெராந்தி மரம் நிக்குது. 100.8 மீட்டர். 2019ல ஆள் ஏறி நாடா விட்டு அளந்தாங்க. மெனாரான்னா மலாய்ல கோபுரம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை விட உசரம்.)

---

கடலோரம் | ஜார்ஜ்டவுன், கயானா | 10 ஜனவரி 2026, இரவு 8:30 (இந்திய நேரம் 11 ஜனவரி காலை 6:00)

தலைப்பில் கயானா என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் தூத்துக்குடி. கப்பல் வேலையாக வந்து, இங்கே கரையில் ஒரு சப்ளை கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், ஆறாவது வருடம். எண்ணெய்க் கம்பெனிகளுக்குத்தான் எங்கள் சப்ளை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரின் அமைப்பைப் பிடித்தால்தான் கதை புரியும். மொத்தம் எட்டு லட்சம் சொச்சம் பேர். பத்தில் ஒன்பது பேர் கடலோரப் பட்டியில் இருக்கிறார்கள். அந்தப் பட்டி கடல் ஏற்றத்தின் மட்டத்துக்கும் கீழே. டச்சுக்காரன் கட்டிய மதகுகளை இங்கே 'கோக்கர்' என்பார்கள். இறக்கத்தில் திறந்து தண்ணீரை விட வேண்டும், ஏற்றத்தில் அடைக்க வேண்டும். கோக்கர்காரர் தூங்கிவிட்டால் நெல் வயல் உப்பாகும். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே அதிகம். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்களின் வம்சத்தை இன்னும் மதராசி என்கிறார்கள். பெர்பீஸ் பக்கம் காளி கோயிலில் தப்பு அடித்து மாரியம்மன் பாட்டுப் பாடும் பெரியவர் ஒருவருக்குப் பாட்டு முழுசும் தெரியும், அர்த்தம் ஒரு வரிகூடத் தெரியாது. என்னிடம் கேட்டார். எனக்கே பாதி புரியவில்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது.

உள்ளே போனால் காடு. நாட்டில் 85 சதவீதம் காடு, ஒரு கோடியே எண்பது லட்சம் ஹெக்டேர். அங்கே மக்குஷி, வப்பிஷானா, படமோனா, அகவாயோ என்று ஒன்பது பழங்குடிகள். மக்கள்தொகையில் பத்துக்கு ஒருவர்.

இனி கிரெடிட். 2022 டிசம்பரில் ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி 3.75 கோடி கிரெடிட்டுக்குக் குறைந்தது 75 கோடி டாலர் தருவதாகக் கையெழுத்துப் போட்டது. 2016 முதல் 2030 வரையான டன்கள். பழசு 15 டாலர், நடுவில் 20, கடைசி ஐந்து வருடத்துக்கு 25. இந்த ஹெஸ் யார்? எங்கள் கடலில் ஸ்டாப்ரூக் எண்ணெய் வயலில் எக்ஸான் 45, ஹெஸ் 30, சீனக் கம்பெனி 25 என்று பங்கு. போன ஜூலையில் ஹெஸ்ஸை செவ்ரான் விழுங்கிவிட்டது. ஆக, நாட்டின் கடலில் எண்ணெய் எடுக்கிறவனே நாட்டின் காட்டையும் வாங்குகிறான். வலது கையில் கள், இடது கையில் கஷாயம்.

பணப் பங்கீடு: 15 சதவீதம் பழங்குடிக் கிராமங்களுக்கு, 85 அரசின் பசுமைத் திட்டங்களுக்கு. முதல் சுற்றில் 2023இல் 242 கிராமங்களுக்கு ஏறக்குறைய 470 கோடி கயானா டாலர் போனது. அமெரிக்கக் காசில் 2.25 கோடி டாலர், சராசரியாக ஒரு கிராமத்துக்கு 93,000. 85 சதவீதத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது என்றால் கடற்சுவர், வாய்க்கால், கோக்கர். அதாவது காட்டுக்காரர் காத்த மரத்தின் காசில் கடலோரத்துக்காரர் வயலுக்குத் தண்ணீர் வடிகிறது. இதை அநியாயம் என்று சட்டென்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை, ஏனென்றால் முழுகப் போகிறவர்களும் ஏழைகள்தான். ஆனால் 15 என்ற எண்ணை யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டால் பதில் ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது, காட்டில் இல்லை.

---

வடலி | ஒஸ்லோ | 11 ஜனவரி 2026, மாலை 5:15

கடலோரம் அண்ணை எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். இந்தக் கதையின்ர முதல் அத்தியாயம் எங்கட நாட்டுக் காசு. 2009 நவம்பரில நோர்வே கயானாவோட ஒப்பந்தம் செய்தது, 2015 வரைக்கும் 25 கோடி டொலர் வரைக்கும் தாறம் எண்டு. டன்னுக்கு 5 டொலர் கணக்கு. அதுக்கு முதல் 2007இல பாலி காலநிலை மாநாட்டில, உலகக் காடுகளுக்கு வருசம் 300 கோடி குரோணர் வரைக்கும் எண்டு எங்கட அப்பத்தைய பிரதமர் ஸ்டொல்டன்பேர்க் அறிவிச்சவர். காட்டைக் காக்கிறதுக்கான பிரேசிலின்ர அமேசன் நிதியில பெரும்பங்கு எங்கடதான். 2019இல அங்கத்தைய அதிபர் பொல்சொனாரோ குழப்பினதோட அது நிண்டு, 2023 தொடக்கத்தில திரும்பவும் ஓடத் தொடங்கினது.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கோ. நோர்வே அந்தக் காசுக்கு கிரெடிட் எடுக்கேல்ல. "உங்கட காடு நிண்டது, இந்தாங்கோ" எண்டு குடுத்தது. அதைக் காட்டி எங்கட புகையைக் கழிக்கேல்ல. செம்பருத்தி சொன்ன உதவித்தொகை எண்டது இதுதான்.

அதுக்காக எங்களைப் புனிதர் எண்டும் நினைச்சுப் போடாதேங்கோ. அந்தக் காசு வந்ததே வடகடல் எண்ணெயில இருந்துதான். என்ர பிள்ளை பள்ளிக்கூடத்தில மழைக்காட்டுக்கு எண்டு காசு சேர்த்துக்கொண்டு வந்து நிக்கும், அவளின்ர பள்ளிக்கூடம் ஓடுறதும் எண்ணெய்க் காசில. சாப்பாட்டு மேசையில இதை விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு!

இப்ப புதுசா, போன நவம்பரில பிரேசிலின்ர பெலேமில நடந்த காலநிலை மாநாட்டில வெப்பமண்டலக் காடுகளுக்கு எண்டு ஒரு நிரந்தர நிதியம் தொடங்கினவை. நோர்வே 300 கோடி டொலர் வரைக்கும் கடனாய்ப் போடுறம் எண்டு சொல்லியிருக்கு. கிரெடிட் இல்லை, பேஸ்லைன் இல்லை. நிக்கிற காட்டுக்கு ஹெக்டேருக்கு வருசம் 4 டொலர், அதில 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சனத்துக்கும். அழிச்சால் வெட்டு. கயானாவின்ர 1.8 கோடி ஹெக்டேருக்கும் குடுத்தால் வருசம் 7.2 கோடி டொலர். ஆனால் முழு நிதியம் 12,500 கோடி டொலர் சேர்ந்தால்தான் அந்த 4 டொலர். இதுவரைக்கும் 700 கோடிக்குக்கூட வாக்குறுதி வரேல்ல. அந்த 4 டொலர் எண்டது ஏக்கருக்கு ஒன்றரை டொலருக்குக் கொஞ்சம் மேல. எங்கட பக்கத்துக் கடையில ஒரு கோப்பிக்கே அது காணாது.

---

செம்பருத்தி | 11 ஜனவரி 2026, இரவு 7:40

ஹெஸ் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் சுமார் 0.43 டன் கரியமில வாயு. கயானா நாளுக்கு 6 லட்சம் பீப்பாய் எடுக்கிறது என்று குறைத்தே வைப்போம். நாளுக்கு 2.58 லட்சம் டன். 3.75 கோடியை அதால் வகுத்தால் 145. பதினைந்து வருடக் காட்டுக் கிரெடிட், ஐந்து மாத எண்ணெய்க்குக்கூடத் தாங்காது.

---

பசுமைக்கணக்கு | 11 ஜனவரி 2026, இரவு 9:10

கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. ஹெஸ் வாங்கியது தன் செயல்பாட்டு உமிழ்வுக்கு, அதாவது எரிவாயு எரித்தல், இயந்திரம், கப்பல் வகையறா. அந்த எண்ணெயை வாங்கி வண்டியில் ஊற்றுகிறவனின் புகை இந்தக் கணக்கில் வராது. இதைத் தந்திரம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் துறையில் எல்லோரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், வேலைக்கு ஆபத்து வராத அளவில். தணிக்கை செய்யும் எங்களைத் தேர்ந்தெடுப்பதும் காசு கொடுப்பதும் திட்டத்தை நடத்துகிறவர்தான். ஒரு முறை ஒரு நாட்டில் (எந்த நாடு, எந்தத் திட்டம் என்று கேட்காதீர்கள்) கிராமச் சம்மதப் பதிவேட்டைப் பார்த்தேன். 60 கையெழுத்து. அதில் முப்பதுக்கும் மேல் ஒரே பேனா, ஒரே சாய்வு. கேட்டதற்கு, "அவர்களுக்கு எழுதத் தெரியாது, நான் எழுதிக் கொடுத்தேன்" என்றார் திட்ட அலுவலர். கைநாட்டு வைக்கலாமே என்றேன். மை தீர்ந்துவிட்டதாம். அறிக்கையில் 'மேம்படுத்த வேண்டிய குறை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடுத்த வருடம் அந்த வேலை வேறு நிறுவனத்துக்குப் போயிற்று.

---

பின்னலாடை | 11 ஜனவரி 2026, இரவு 10:02

படிக்கப் படிக்கத் தலை சுத்துதுங்க. கடலோரம் அண்ணா, அந்த 93,000 டாலர் கிராமத்துல என்ன ஆச்சுன்னு பார்த்திருக்கீங்களா? எனக்கு அதுதான் வேணும்.

---

கடலோரம் | 12 ஜனவரி 2026, காலை (இந்திய நேரம்)

பார்த்தேன் தம்பி. ஒரே ஒரு கிராமம், அதனால் எல்லாக் கிராமத்துக்கும் பொருத்திவிடாதே. ருபுனுனி பக்கம், பெயர் வேண்டாம். எங்கள் டிரைவர் மக்குஷி இனத்தவர், தன் தங்கை கல்யாணத்துக்குக் கூட்டிப்போனார். ஜார்ஜ்டவுனிலிருந்து மினிபஸ், லிண்டன் தாண்டியதும் செம்மண் சாலை, குருபுகாரியில் பாண்டூன் மிதவையில் எஸெக்விபோ ஆற்றைக் கடக்க வேண்டும். அதற்கு மேல் இவோக்ரமா காடு, 3,71,000 ஹெக்டேர். 1989இல் கோலாலம்பூர் காமன்வெல்த் மாநாட்டில் கயானா அதிபர் ஹாய்ட் ஆய்வுக்கென்று கொடுத்த காடு அது (மெராந்தி, உங்கள் ஊர்). விடியும்போது காடு பட்டென்று முடிந்து புல்வெளி.

கல்யாணத்துக்கு மறுநாள் கிராமக் கூட்டம். 'பெனாப்' என்று ஓலை வேய்ந்த வட்டக் கொட்டகை. தலைவரை 'தோஷாவ்' என்பார்கள். கார்பன் பணத்தில் அடுத்த சுற்றுக்கு என்ன செய்வது என்று பேச்சு. முதல் சுற்றில் ஒரு டிராக்டர், பள்ளிக்கு சோலார், மரவள்ளி மாவு வறுக்க ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகை உருப்படியான வேலை. அங்கே கசப்பு மரவள்ளி. துருவி, 'மட்டாப்பி' என்ற நீள ஓலைக் குழாயில் அடைத்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, அடிவளையத்தில் கட்டையைச் செருகிப் பெண்கள் அதன் மேல் உட்காருவார்கள். குழாய் நீள நீள விஷச் சாறு பிழிந்து கீழே சட்டியில் வடியும். அதற்கப்புறம்தான் வறுத்து 'ஃபரீன்' ஆக்குவது. முன்பு மழையில் அடுப்பு அணையும், இப்போது கூரை இருக்கிறது. டிராக்டர் மட்டும் கொட்டகைக்குப் பின்னால் நின்றது. பெல்ட் அறுந்து நாலு மாதம்.

கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து மக்குஷியில் கேட்டதை டிரைவர் எனக்குச் சொன்னார்: "மரவள்ளிக்குப் புதுசாகக் காடு திருத்தலாமா, கூடாதா?" பாரம்பரிய விவசாயத்துக்குத் தடை இல்லை என்று அரசு சொல்லியிருப்பதாகத் தோஷாவ் பதில் சொன்னார். "அது எந்தக் காகிதத்தில் இருக்கிறது, காட்டு" என்றார் பாட்டி. காகிதம் யாரிடமும் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

இதைத்தான் பழங்குடி மக்கள் சங்கம் பெரிய அளவில் கேட்டது. தேசிய தோஷாவ் மன்றம் ஆதரவு தந்ததைக் கிராமங்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது, புரியும்படி விளக்கவே இல்லை என்று 2023இல் ஆர்ட் அமைப்பிடம் முறையிட்டார்கள். ஏற்கப்படவில்லை. அரசின் தரப்பு, ஏழு மாதம் நாடு முழுக்கக் கலந்து பேசினோம் என்பது.

இன்னொன்று. இங்கே காடழிவதற்கு முதல் காரணம் தங்கச் சுரங்கம். பட்டா கிராமத்தின் பெயரில் இருந்தாலும் மண்ணுக்கு அடியில் இருப்பது அரசுக்கு. மரத்துக் கார்பனுக்கு 15 சதவீதம், மரத்தடித் தங்கத்துக்குக் குத்தகைச் சீட்டு வேறொருவனுக்கு.

---

மெராந்தி | 12 ஜனவரி 2026, மதியம் 12:20

அங்க கலந்து பேசவாவது பேசினாங்க. எங்க சபாவுல 2021 அக்டோபர்ல 20 லட்சம் ஹெக்டேர் காட்டோட கார்பனை நூறு வருஷத்துக்கு சிங்கப்பூர்ல பதிஞ்ச ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. வருமானத்துல 30 சதவீதம் கம்பெனிக்கு. கம்பத்து (கிராமத்து) ஆளுங்களுக்கு விஷயமே நியூஸ்ல வந்தப்பதான் தெரியும். பழங்குடித் தலைவர் ஏட்ரியன் லசிம்பாங் கோர்ட்டுக்குப் போனார். 2022 பிப்ரவரியில மாநில அட்டர்னி ஜெனரலே இப்ப இருக்கற வடிவத்துல இது செல்லாதுன்னாங்க. நூறு வருஷம்! எங்க தாத்தா தோட்டத்துல போட்ட ஒப்பந்தமே அஞ்சு வருஷம்தான்.

---

செம்பருத்தி | 12 ஜனவரி 2026, மாலை 4:00

பழங்குடிகளே முன்னின்று நடத்தினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. பிரேசிலில் ரொண்டோனியாவில் பைத்தெர் சுருயி மக்கள். வெளியுலகத் தொடர்பே 1969இல்தான், அடுத்து வந்த நோயில் பெரும்பாலோர் இறந்தார்கள். பிழைத்தவர்களின் தலைமுறையில் வந்த தலைவர் அல்மீர் சுருயி, தாங்களே காட்டை அளந்து, தாங்களே கிரெடிட் விற்கும் திட்டத்தைக் கட்டினார். 2013இல் நத்தூரா என்ற அழகுசாதன நிறுவனம் 1,20,000 டன் வாங்கியது. உலகமே பாராட்டியது. பிறகு அந்த மண்ணில் தங்கமும் வைரமும் தேடி ஆள் இறங்கியது, மாடு மேய்ப்போர் வந்தார்கள், சமூகத்துக்குள்ளேயே பிளவு. 2018இல் திட்டத்தை நிறுத்தினார்கள். அரசு எல்லையைக் காக்கவில்லை என்றால் கிரெடிட் என்ன செய்யும்?

பசுமைக்கணக்கு சார், உங்கள் கையெழுத்துக் கதைக்கு நன்றி. நேற்று கடுமையாக எழுதிவிட்டேன்.

---

பசுமைக்கணக்கு | 12 ஜனவரி 2026, இரவு 8:25

பரவாயில்லை தோழர்.

திருப்பூர்த் தம்பிக்கு முக்கியமான ஒன்றை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 உத்தரவு 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. கிரெடிட் வாங்கிக் கழித்ததைக் காரணம் காட்டி, ஒரு பொருளை 'கார்பன் நியூட்ரல்' என்று நுகர்வோரிடம் சொல்வதே தடை. கயானாவாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும் அந்த டேக் செல்லாது. உங்கள் பையருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே கேட்கிறார் என்றால் அடுத்த சீசன் சரக்கு எந்த மாதம் கடையில் தொங்கும் என்று கேளுங்கள்.

காட்டுக்கு உதவ வேண்டும் என்று ஓனருக்கு உண்மையாகவே மனசு இருந்தால் கிரெடிட் வாங்கட்டும், நன்கொடைக் கணக்கில் எழுதட்டும். டி-ஷர்ட்டில் எழுத வேண்டாம்.

---

பின்னலாடை | 14 ஜனவரி 2026, இரவு 9:48

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. திங்கக்கிழமை பதில் சொல்லாம ரெண்டு நாள் இழுத்தேன். பசுமைக்கணக்கு சார் சொன்ன தேதியைப் போட்டு பையருக்கு மெயில் தட்டினேன். நாலு வரியில பதில்: டேக் வேண்டாம், பீஸ் வாரியான கணக்கு மட்டும் போதும், வர்ற வருஷம் அதைக் கொறச்சுக் காட்டுங்க. முதல்ல கேட்டதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

ஓனர் கிட்ட, கிரெடிட்டுக்கு ஒதுக்கின காசுல டையிங்ல கண்டன்சேட் லைன் (ஆவி ஆறித் தண்ணியானதைத் திரும்ப பாய்லருக்கே கொண்டுவர்ற குழாய்) போட்டா பாய்லருக்கு விறகு மிச்சம்னு சொன்னேன். "அப்ப கயானாக் காட்டுக்கு?"ன்னார். அவராத்தான் கேட்டாருங்க, நான் எதுவும் தூண்டல. டிராக்டர் கதையைச் சொன்னேன். "பெல்ட் என்ன சைஸு?"ன்னு கேக்கறார். கடலோரம் அண்ணா, தெரியுமா?

---

கடலோரம் | 15 ஜனவரி 2026

டிரைவரிடம் கேட்டேன். சைஸ் யாருக்கும் தெரியவில்லை, அறுந்த பெல்ட்டையே மினிபஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார். ஜார்ஜ்டவுனில் இரண்டு கடையில் விசாரித்தாயிற்று, அந்த மாடலுக்கு இல்லையாம். மே மாதம் அங்கே மழை பிடிக்கும், அதற்கு முன்னால் ஓட வேண்டும். பெல்ட் கைக்கு வந்ததும் அளந்து போடுகிறேன்.